106 கிலோமீற்றர் றெயில் பாதையை நான்கு மேசையில் வைத்த கதை



பாடசாலைக் கண்காட்சிக்கு வந்து பார்த்தவர்களுக்கும், வரமுடியாமல் "என்ன சேர், கோச்சி ஓட விட்டீங்களாமே" என்று கேட்டவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவுதான். ஆறுதலாக வாசியுங்கள்.

வரலாற்றுப் பாடத்தில் பிரித்தானியர் காலப் போக்குவரத்து வரும். கொழும்பு, கண்டி, கோப்பி, தேயிலை என்று பாடம் போகும். நமது மன்னார்ப் பாதை ஒரு வரியோடு கடந்துவிடும். தினமும் காதில் ஹோர்ன் விழுகிற பிள்ளைக்கு அந்தப் பாதை ஏன் வந்தது என்று தெரியாது. ஆகவே இம்முறை மதவாச்சியிலிருந்து தலைமன்னார்த் துறை வரையான கிளைப் பாதையை மாதிரியாகச் செய்து கோச்சியும் ஓட்டுவோம் என்று முடிவெடுத்தோம். ஆசிரியர்கள் மூன்று பேர், பிள்ளைகள் பதினொரு பேர்.

முதல் வேலை கணக்கு. இலங்கையின் அகலப் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட அகலம் 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மில்லிமீற்றர். கடையில் கிடைக்கும் மாதிரித் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீற்றர். நூறில் ஒன்றாகச் சுருக்கினால் நமது பாதை 16.76 வருகிறது. வித்தியாசம் கால் மில்லிமீற்றர்தான். அளவு பொருந்திவிட்டது என்று பிள்ளைகளுக்கு ஒரே சந்தோசம். ஒரு மீற்றருக்கு ஒரு சென்டிமீற்றர் என்பதால் கணக்கும் இலேசு.

அடுத்த கணக்கில் சந்தோசம் போய்விட்டது. மதவாச்சியிலிருந்து மடு வீதி வரை 43 கிலோமீற்றர். அங்கிருந்து தலைமன்னார் 63. மொத்தம் 106. நூறில் ஒன்றாகச் சுருக்கினாலும் 1060 மீற்றர் தண்டவாளம் வேண்டும். பாடசாலை மதிலைத் தாண்டி, ஊரைத் தாண்டிப் போகும். எங்களிடம் இருந்ததோ எட்டு அடி மேசை நான்கு. நீளத்துக்கு அடுக்கினால் 32 அடி. உண்மையான பாதையில் அது ஒரு கிலோமீற்றர்கூட இல்லை.

106இல் எந்த ஒரு கிலோமீற்றரை வைப்பது? அங்கேதான் வரலாற்றுப் பாடம் தொடங்கியது.

ஆளுக்கொரு இடம் சொன்னார்கள். செட்டிகுளத்துக் காடு, முருங்கன் வயல், திருக்கேதீஸ்வரம், தோட்டவெளி, பேசாலை. இடத்தை முடிவு செய்தால் அடுத்தது வருடம். நீராவி எஞ்சின் வைக்கிறதா, டீசல் எஞ்சினா? துறைமுகத்தில் கப்பல் நிற்கிறதா, வெறும் துருப்பிடித்த இரும்பா? மாதிரி செய்கிறவன் ஏதாவது ஒரு நாளைத் தெரிவு செய்தே ஆகவேண்டும். புத்தகத்தில் "பின்னர்" என்று ஒரு சொல்லைப் போட்டு ஐம்பது வருடத்தைத் தாண்டிவிடலாம். மேசையில் அது முடியாது.

கடைசியில் நான்கு மேசைக்கும் நான்கு காலம் என்று தீர்மானித்தோம். இடங்கள் வரைபட ஒழுங்கில் வராது, கால ஒழுங்கில் வரும். புவியியல் டீச்சருக்கு மனமே இல்லை. ஆனாலும் விட்டுத்தந்தார்.

முதல் மேசை: தலைமன்னார்த் துறை, 1914.

வடக்குப் பாதை 1905இல் காங்கேசன்துறை வரை முழுமையாகிவிட்டது. மன்னார்ப் பாதை அதிலிருந்து மதவாச்சியில் பிரிகிறது. நமது ஊர்களுக்கு வசதி செய்வதற்காக அதைப் போடவில்லை. மலையகத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. அதற்கு முன்னர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். காய்ச்சலிலும் கொலராவிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். 1914 பெப்ரவரியில் அந்தப் பக்கம் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. கடலின் மேல் சுமார் இரண்டு கிலோமீற்றர் நீளம், நடுவே கப்பலுக்காகத் திறக்கும் தூக்குப் பகுதி. அதோடு சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு றெயில், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், தலைமன்னாரிலிருந்து கொழும்புக்கு மறுபடி றெயில் என்று ஒரே பயணமாகிவிட்டது. 'போட் மெயில்' என்று நமது மூத்தவர்கள் சொல்வது இதைத்தான். கர்சன், எல்ஜின், ஹார்டிஞ் என்று அந்தக் கப்பல்களுக்கு வைசிராய்மாரின் பெயர்கள்.

துறையை ரெஜிபோமிலும் ஐஸ்கிரீம் குச்சியிலும் செய்தோம். மனிதர்களை மெல்லிய கம்பியில் காகிதம் சுற்றிச் செய்தோம். நூறில் ஒன்று என்றால் ஓர் ஆள் 17 மில்லிமீற்றர் உயரம். பெட்டியும் தொப்பியுமாக நாலைந்து பேர் முதலாம் வகுப்புக்குப் போகிறார்கள். மூட்டையோடு அறுபது பேர் வரிசையில் நிற்கிறார்கள். எல்லோருடைய முகமும் றெயிலைப் பார்த்தபடி.

இரண்டாம் மேசை: மடு வீதி, 1950களின் ஓர் ஆவணி மாதம்.

மடு மாதாவின் பெருவிழா ஆகஸ்ட் 15. நாடு முழுவதிலுமிருந்து சனம் இந்த ஸ்டேசனில் இறங்கும். இதே பாதையில்தான் திருக்கேதீஸ்வரத்துக்கும் இராமேஸ்வரத்துக்கும் சைவர்கள் போனார்கள். நாகூருக்குப் போன நம்மவர்களும் இதே பாதையால்தான் போனார்கள். மூன்று சமயத்துச் சனமும் ஒரே பெட்டியில் கட்டுச்சோறு அவிழ்த்த காலம் என்று ஊரில் சொல்வார்கள். இந்த மேசைக்கு டீசல் எஞ்சின் வைத்தோம். கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954இல் கனடாவிலிருந்து வரத் தொடங்கிய எம்2 வகை. பழைய விளையாட்டு எஞ்சின் ஒன்றின் அடிப்பாகத்தை வாங்கி, பிரிஸ்டல் போர்டில் உடல் செய்து ஏற்றினோம். வளைவில் மூன்று தடவை கவிழ்ந்தது. மூக்குப் பக்கம் இரண்டு இரும்பு நட்டை ஒட்டிப் பாரம் கொடுத்த பிறகு ஒழுங்காக ஓடியது.

மூன்றாம் மேசை: மறுபடியும் தலைமன்னார்த் துறை, 1964க்குப் பிறகு.

இந்த மேசை எங்கள் திட்டத்திலேயே இருக்கவில்லை. மலையகத்தில் பிறந்து இங்கே திருமணம் செய்து வந்த ஒரு தாய், மகளைக் கூட்டிப்போக வந்த நேரம் முதல் மேசையைப் பார்த்தார். "வந்தத மட்டும் வச்சிருக்கீங்களே சேர், போனத வைக்கலியா?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு பிரதமர்கள் பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். முதல் ஒப்பந்தம் நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22 இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் றெயில் ஒன்றும் ஆட்களோடு கடலுக்குள் போனது. பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. அந்தக் கப்பலைப் பிடிக்கத் தோட்டங்களிலிருந்து சனத்தை ஏற்றி வந்த றெயிலுக்கு மலையக மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. போகிறவர்களும் ஸ்டேசனில் நிற்கிறவர்களும் அழுத அழுகையால் வந்த பெயர். தாய் ஒரு பட்டியலில், பிள்ளை இன்னொரு பட்டியலில் என்று பிரிந்த குடும்பங்கள் உண்டு.

மேசைக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது ஒரு மாணவி சொன்னாள்: "அதே துறைதானே சேர். அதே ஆக்கள செஞ்சு மற்றப் பக்கம் திருப்பி வைப்பம்." அப்படியே செய்தோம். முதல் மேசையில் றெயிலைப் பார்த்து நின்ற அறுபது பேரும் இங்கே கடலைப் பார்த்து நிற்கிறார்கள்.

நான்காம் மேசை: மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலம், 1990.

இதை எழுதுவது எங்களுக்கு இலேசில்லை. எங்களில் இருவர் புத்தளத்து ஓலைக் கொட்டிலில் பால்குடி மறந்தவர்கள். தண்ணீர் பவுசருக்கு வரிசையில் நின்று வளர்ந்து, அங்கேயே படித்து, கல்வியியற் கல்லூரி முடித்து, நியமனத்தோடு சொந்த ஊருக்கு வந்தவர்கள். எங்களுக்கு மன்னார் என்பது உம்மும்மாவின் வாயிலிருந்து வந்த கதைதான். அந்தக் கதையில் கோச்சிச் சத்தம் கட்டாயம் வரும்.

1983க்குப் பிறகு போர் வலுக்க, கப்பல் சேவை நின்றது. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டதோடு றெயிலும் நின்றது. பாலம் அழிந்தது. வடக்கில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. அந்த ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். மன்னார்த் தீவின் சனம் வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கியது.

ஆகவே பாலத்தின் பக்கத்தில், தெற்கே கற்பிட்டியை நோக்கிக் காகித வள்ளங்களை வைத்தோம். சரியாகச் செய்தோம் என்றுதான் நினைத்தோம். பக்கத்துப் பாடசாலையிலிருந்து வர்ணம் பூசிக்கொடுக்க வந்த சித்திர ஆசிரியர், பேசாலைக்காரர், பூசிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "நாங்களும் அதே வருஷந்தான் வள்ளம் ஏறினோம் சேர். இராமேஸ்வரம் பக்கம்."

உண்மைதான். அந்த வருடம் தமிழ்ச் சனமும் ஆயிரக்கணக்கில் இந்தியாவுக்கு வள்ளம் ஏறியது. மடுக் கோயிலிலும் பேசாலையிலும் அகதி முகாம்கள் நிரம்பின. எங்கள் வெளியேற்றம் வேறு, அதன் காரணம் வேறு. ஒரு சமூகம் முழுவதையும், முஸ்லிம் என்ற ஒன்றுக்காகவே, இன்ன நாளுக்குள் போ என்று துரத்தியது அது. அதைக் கரைத்துச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் அவருடைய வள்ளத்தை விட்டுவிட்டு எங்கள் வள்ளத்தை மட்டும் வைத்தால் மேசையில் இருப்பது பாதிக் கடல்தான். இரண்டு நாள் பேசினோம். ஒரு பெற்றார் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கட கதைய எங்கட பாடசாலையிலயாவது எங்கட கதையா சொல்லக்கூடாதா?" என்று கேட்டார். அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதனால் தெற்கே போகும் வள்ளங்களுக்குக் கீழே நாள், தொகை, யார் வெளியேற்றியது என்பதை ஒளிக்காமல் எழுதி வைத்தோம். மேற்கே இன்னும் சில வள்ளங்களையும் வைத்தோம். அவற்றுக்கான குறிப்பைச் சித்திர ஆசிரியரே தன் கையால் எழுதினார்.

பாலத்தில் தண்டவாளத்தை 25 சென்டிமீற்றர் வெட்டி எடுத்துவிட்டோம். 1990இலிருந்து 2015 வரை வருடத்துக்கு ஒரு சென்டிமீற்றர். கோச்சி அங்கே வந்து நின்றுவிடும். சின்னப் பிள்ளைகள் "பழுதா?" என்று கேட்டார்கள். பழுதில்லை, 25 வருடம் இப்படித்தான் இருந்தது என்று விளக்கிய பிறகு, பார்க்க வந்த ஒரு பிள்ளையின் கையில் அந்தத் துண்டைக் கொடுத்துப் பொருத்தச் சொல்வோம். இந்தியக் கடனுதவியில் 2013இல் மடு வீதி வரையும், 2015 மார்ச் 14இல் தலைமன்னார் வரையும் றெயில் மீண்டும் வந்தது. துண்டைப் பொருத்தியதும் கோச்சி தீவுக்குள் போகும்.

அந்த நேரம் பிள்ளைகள் கைதட்டுவார்கள். மூத்தவர்கள் பலர் தட்டவில்லை. ஒரு பெரியவர் பாலத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "கோச்சி வந்துட்டுது. எங்கட வீட்டுக் காணிதான் இன்னும் வரல்ல" என்றார். அதற்கும் எங்களிடம் பதில் இருக்கவில்லை. அவர் சொன்னதை எழுதி நான்காம் மேசையின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறோம்.

இரண்டு குறைகள் உண்டு. தீவுப் பக்கம் பெருக்க மரத்தை அளவுக்கு மீறிப் பெரிதாகச் செய்துவிட்டோம். கழுதைகளும் தேவைக்கு அதிகம். தரம் 6 பிள்ளைகள் யாரையும் கேளாமல் கொண்டுவந்து வைத்தவை. எடுக்க மனம் வரவில்லை. மன்னாரில் கழுதை கூடிவிட்டது என்று யாரும் பிழை சொல்லப்போவதும் இல்லை.

மாதிரியைக் கழற்றவில்லை. அதிபரின் அனுமதியோடு பழைய ஆய்வுகூடத்தில் வைத்திருக்கிறோம். பாடசாலை நாட்களில் இரண்டு மணிக்குப் பிறகு யாரும் வந்து பார்க்கலாம்.

ஒரு வேண்டுகோள். பழைய போட் மெயில் டிக்கெட், கப்பலில் எடுத்த போட்டோ, ஸ்டேசனில் வேலை செய்த உறவினரின் ஞாபகம், 1990இல் கையோடு கொண்டுபோன வீட்டுத் திறப்பு, எது இருந்தாலும் கொண்டுவந்து காட்டுங்கள். படம் எடுத்துவிட்டு உடனே திருப்பித் தருவோம். ஆண்டிலோ இடத்திலோ பிழை கண்டால் கமெண்டில் திருத்துங்கள். பிள்ளைகள் வாசிக்கிறார்கள், வார்த்தையை மட்டும் பார்த்துப் போடுங்கள்.