அம்மாவின் அரை மணி நேரம்

இரவு எட்டு மணிக்கு அம்மா இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வார். அரை மணி நேரம் கழித்துச் சாப்பிட வேண்டும் என்பது மருத்துவர் சொன்ன கணக்கு. அந்த அரை மணி நேரத்தில் அம்மா தோசை வார்ப்பார். அப்பாவுக்கு, தம்பிக்கு, எனக்கு, வீட்டுக்கு வந்திருப்பவர்களுக்கு. அரை மணி முக்கால் மணியாகும், ஒரு மணியாகும். ஒருநாள் தோசைத் திருப்பியைப் பிடித்திருந்த கை நடுங்கியது. முகமெல்லாம் வியர்வை. ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கியிருந்தது. வாயில் சர்க்கரையைப் போட்டுத் தரையில் உட்கார வைத்தோம். நான் அடுப்பை அணைத்தேன். "அப்பாவுக்கு இன்னும் ரெண்டு வார்க்கணுமே" என்றார் அம்மா.

அந்த அரை மணி நேரம் எதற்காக என்று நான் கேட்டது பல வருடங்களுக்குப் பிறகுதான். நான் படித்தது தமிழ். புரதம் பருப்பிலும் முட்டையிலும் இருக்கிறது என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. விடை தேடிப் போய் டோரதி ஹாட்ஜ்கின் என்ற பெண்ணிடம் சேர்ந்தேன்.

இன்சுலின் ஒரு புரதம். புரதம் என்பது அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்த சரம். சரம் நீண்டு கிடப்பதில்லை. மடிந்து சுருண்டு தனக்கென்று ஒரு வடிவத்துக்கு வருகிறது. எதனோடு பொருந்தும், என்ன வேலை செய்யும் என்பதை அந்த வடிவமே தீர்மானிக்கிறது. இன்சுலினில் 21, 30 என்று இரண்டு சரங்களில் மொத்தம் 51 அமினோ அமிலங்கள். மடிந்த அந்த உரு செல்லின் மேலுள்ள ஏற்பியில் பொருந்தினால்தான் தசையும் கொழுப்பும் ரத்தத்திலிருந்து குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும்.

1930களின் தொடக்கத்தில் புரதத்துக்கு உறுதியான வடிவம் உண்டா என்பதே விவாதத்தில் இருந்தது. 1934இல் கேம்பிரிட்ஜில் பெர்னாலும் டோரதியும் பெப்சின் படிகத்தை உலரவிடாமல், அது விளைந்த கரைசலோடு சேர்த்தே எக்ஸ் கதிரில் படமெடுத்தார்கள். படத்தில் புள்ளிகள் ஒழுங்காக விழுந்திருந்தன. உள்ளே ஒழுங்கான கட்டமைப்பு இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. முதல் படம் எடுத்த அன்று டோரதி அங்கே இல்லை. கை மூட்டு வலிக்காக லண்டனில் மருத்துவரைப் பார்க்கப் போயிருந்தார். முடக்குவாதம் வாழ்நாள் முழுக்க அவரை விடவில்லை. வளைந்த விரல்களால்தான் மணலைவிடச் சிறிய படிகங்களைக் கையாண்டார்.

ஆக்ஸ்ஃபோர்டில் அவருக்குக் கிடைத்த ஆய்வுக்கூடம் அருங்காட்சியகக் கட்டிடத்தில் ஒரு மூலை. வெளிச்சம் வரும் ஜன்னல் உயரத்தில் இருந்ததால் ஒரு கையில் படிகத்தைப் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறவேண்டும். வேதியியலாளர்கள் கூடும் சங்கத்தில் பெண்களுக்கு இடமில்லை. 1935இல் இன்சுலின் படிகத்தின் முதல் படங்களைப் பற்றி அவர் வெளியிட்ட கட்டுரையில் அவர் பெயர் மட்டும் இருக்கிறது. படம் கிடைத்தது, அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று படிக்க அன்று வழியில்லை. அவர் விடவும் இல்லை. இடையில் மூன்று குழந்தைகள், பெனிசிலின், வைட்டமின் பி12. 1964இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வந்தபோது பிரிட்டன் நாளிதழ் ஒன்று அவரை இல்லத்தரசி என்றே தலைப்பில் எழுதியது. அம்மாவின் மருத்துவமனைச் சீட்டிலும் தொழில் என்ற இடத்தில் அதே சொல்தான். படிகத்தோடு ஏணி ஏறியதும் கை நடுங்கத் தோசை வார்த்ததும் அந்தச் சொல்லில் தெரியாது.

இன்சுலினின் வடிவம் 1969இல் கிடைத்தது. முதல் படத்திலிருந்து 34 ஆண்டுகள். அந்தக் கட்டுரையில் பத்துப் பெயர்கள். முதல் பெயர் மார்கரெட் ஆடம்ஸ். கணக்குகளைச் செய்த எலினார் டாட்சன் இருக்கிறார். இந்தியாவிலிருந்து போன விஜயன் இருக்கிறார். டோரதியின் பெயர் எட்டாவது.

அவர்கள் கண்டது இது: ஆறு இன்சுலின் மூலக்கூறுகள் இரண்டு துத்தநாக அணுக்களைச் சுற்றி ஒன்றாகக் கட்டுண்டு இருக்கின்றன. கணையம் இன்சுலினைச் சேமித்து வைப்பதும் இப்படித்தான். ஆனால் ஏற்பியில் பொருந்துவது தனி மூலக்கூறு மட்டுமே. ஊசியில் வரும் பழைய வகை இன்சுலின் தோலுக்கடியில் ஆறாய் இருந்து பிரிந்து ரத்தத்துக்குப் போக நேரம் எடுக்கிறது. அதுதான் அம்மாவின் அரை மணி நேரம்.

வடிவம் தெரிந்ததால், மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் இடமும் தெரிந்தது. நீண்ட சரத்தின் கடைசிப் பகுதியில் 28ஆவது இடத்தில் புரோலின், 29ஆவது இடத்தில் லைசின். இரண்டையும் இடம் மாற்றினார்கள். 'வாசி'யைத் திருப்பினால் 'சிவா' என்று சித்தர் மரபில் சொல்வார்கள். இரண்டே எழுத்து, பொருள் வேறு. இங்கே ஏற்பியில் பொருந்தும் பகுதிக்குப் பழுதில்லை. ஒன்றையொன்று பிடிக்கும் பிடி மட்டும் தளர்ந்தது. லிஸ்ப்ரோ என்ற இந்த இன்சுலின் 1996இல் பயன்பாட்டுக்கு வந்தது. சுமார் கால் மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும். சாப்பிட உட்காரும்போது போட்டுக்கொண்டால் போதும்.

அம்மாவுக்கும் இப்போது அந்த வகைதான். "தட்டை முன்னால வச்சுக்கிட்டு ஊசி போடுங்கம்மா, போட்டதும் சாப்பிட்டுடணும்" என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பழைய இன்சுலினாவது அரை மணி பொறுத்தது. இது பொறுக்காது. வீட்டில் யார் முதலில் சாப்பிடுவது என்ற வரிசையை மாற்றியே தீரவேண்டியிருந்தது. அதை எந்த ஆய்வுக்கூடமும் எங்களுக்காக மாற்றித் தராது.

முதல் நாள் இரவு தம்பி தோசைக்கல் முன்னால் நின்றான். அம்மா ஊசி போட்டுக்கொண்டு தட்டின் முன் உட்கார்ந்தார். இரண்டு முறை எழுந்திருக்கப் பார்த்தார். நான் தோளைப் பிடித்து அழுத்தினேன்.

"என்னமோ விருந்தாளி மாதிரி இருக்குடி" என்றார். பிறகு முதல் தோசையைப் பிட்டார். அறுபத்தெட்டு வயதில், சூடாக.