இடிந்த வீடும் பொம்மை வீடும்

பழைய கட்டடங்களை நேசிப்போர் நம்மிடையே பலர் உண்டு. கோபுரத்தின் முன்னும் கோட்டையின் முன்னும் நின்று மெய்மறப்பவர்கள் அவர்கள். அந்த நேசம் ஒருவரைப் பொம்மை வீட்டின் முன் கொண்டுபோய் நிறுத்தும் என்றால் முதலில் நமக்குச் சிரிப்புத்தான் வரும். எனக்கும் வந்தது. விவியன் கிரீன் என்னும் பெண்மணியின் வரலாற்றை அறிந்த பிறகு அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது.

விவியன் 1904இல் பிறந்தவர். புகழ்பெற்ற ஆங்கில நாவலாசிரியர் கிரகாம் கிரீனின் மனைவி. 1935இல் இருவரும் இலண்டனின் கிளாப்பம் பகுதியில், பெரிய பொதுத்திடலை நோக்கிய ஒரு வீட்டில் குடியேறினர். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த வீடு அது. விவியனுக்கு அதன் மீது தீராத பற்று. அக்காலத்திற்கு ஏற்ற தளவாடங்களைத் தேடித்தேடி வாங்கி அதனை அணிசெய்தார். 1940 அக்டோபரில் ஜெர்மானிய விமானங்களின் குண்டுவீச்சில் அவ்வீடு சிதைந்தது. அவரும் பிள்ளைகள் இருவரும் முன்னரே நகரை விட்டு வெளியேறியிருந்தனர். கணவரும் அன்றிரவு வீட்டில் இல்லை. (அவர் எங்கிருந்தார் என்பது வேறொரு கதை, இங்கே வேண்டாம்.)

போர் முடியுமுன்னரே, ஆக்ஸ்ஃபோர்டில் தங்கியிருந்த நாளில், ஏலத்தில் ஒரு பழைய பொம்மை வீட்டை விவியன் வாங்கினார். இருட்டடிப்பு மாலைகளில் அதனைச் செப்பனிடுவது அவருக்குத் துணையாயிற்று. ஒன்று பலவாகியது. அவர் அவற்றை விளையாட்டுப் பொருளாகக் கருதவில்லை, கட்டடமாகவே கண்டார். சாளரத்தின் அமைப்பு என்ன, புகைபோக்கி எங்கே, படிக்கட்டு எப்படித் திரும்புகிறது, சுவரில் ஒட்டிய தாள் எக்காலத்தது என்று ஆராய்ந்தார். ஒரு மாளிகையின் காலத்தைக் கணிப்பவர் கேட்கும் அதே கேள்விகள்! 1955இல், 18, 19ஆம் நூற்றாண்டுகளின் ஆங்கிலப் பொம்மை வீடுகளைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது.

அன்புக்குரிய வாசகர்களே, இதில் ஆராய என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அரண்மனையின் கொலுமண்டபத்தைப் பிற்காலத்தார் போற்றிக் காப்பர். சமையலறையை யார் காப்பார்? தலைமுறைக்கு ஒருமுறை அடுப்பு மாறும், சுவர் இடிபடும், பழைய பாத்திரம் வீசப்படும். ஆகவே, முன்னூறு ஆண்டுகளுக்கு முந்தைய வீட்டின் அன்றாடக் கோலம் முழு அளவில் எஞ்சுவது அரிது. பொம்மை வீட்டிலோ அது அப்படியே உறைந்து கிடக்கிறது. அக்காலத்தில் இவை சிறுமியருக்கு உரியவையும் அல்ல. வளர்ந்த செல்வப் பெண்டிர் தம் கைப்பட அமைத்தவை. ஆம்ஸ்டர்டாமில் பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்பவர் 1686 முதல் 1710 வரையிலான காலத்தில் உருவாக்கிய பொம்மை வீட்டிற்குச் செலவான தொகையில் கால்வாய்க் கரையில் உண்மையான வீடே வாங்கியிருக்கலாம் என்பர். அது இன்று ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இங்கிலாந்தின் சசெக்ஸ் மாவட்டத்தில் அப்பார்க் என்றொரு மாளிகை உண்டு. 1746இல் அங்கு மணமகளாக வந்த சாரா லெத்தியூலியர் தம்முடன் ஒரு பொம்மை வீட்டையும் கொண்டுவந்தார். அறைகள் ஒன்பது. சின்னஞ்சிறு வெள்ளிப் பாத்திரங்கள், எண்ணெய் வண்ண ஓவியங்கள், சமையலறை என்று எதுவும் குறையவில்லை. குடும்பத்தாராக வரும் பொம்மைகளுக்கு மெழுகு முகம். வேலையாட்களுக்கு மர முகம். அந்த ஒரு வேறுபாடு அக்காலச் சமூகத்தைப் பற்றிச் சொல்வதை ஒரு பாடநூல் அதிகாரமும் சொல்லாது என்பேன்.

1989 ஆகஸ்ட் 30ஆம் நாள் அப்பார்க் தீப்பற்றியது. கூரையின் ஈயத் தகட்டைப் பழுதுபார்த்தவர்களின் தீச்சுடரே காரணம். மேல்மாடி முற்றிலும் அழிந்தது. கீழ்த்தளத்துப் பொருள்களை மக்கள் கையோடு கை சேர்த்து வெளியேற்றினர். பொம்மை வீடு தப்பியது. பெரிய வீட்டை மீட்டெடுத்துத் திறக்க 1995 வரை ஆயிற்று. சிறிய வீடோ தன் 18ஆம் நூற்றாண்டை இழக்காமலே இருந்தது.

இவற்றை அப்படியே நம்பிவிடவும் கூடாது. பின்வந்த பிள்ளைகள் புதிய தாள் ஒட்டியிருப்பர். பாட்டி காலத்து நாற்காலியின் அருகே பேத்தி காலத்து விளக்கு நிற்கும். முகப்பு அழகாக இருந்து, உள்ளே அறைகள் அதற்குப் பொருந்தாமல் போவதும் உண்டு. இந்த இடத்தில்தான் கட்டடக்கலை அறிந்த கண் தேவைப்படுகிறது.

பொம்மை வீடு என்றதும் பலர் அரசி மேரிக்காக எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்ததையே குறிப்பிடுவர். புது தில்லியின் அரசப் பிரதிநிதி மாளிகையை எழுப்பிக்கொண்டிருந்த அதே கட்டடக்கலைஞர்தான்! பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு; மின்விளக்கு, மின்தூக்கி, குழாயில் ஓடும் நீர். 1924இல் வெம்பிளி கண்காட்சியில் பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதனைக் கண்டனர். (மலாயாவுக்கும் அங்கே ஒரு மண்டபம் இருந்தது.) வியப்புக்குரியதே. ஆயினும் என் மனம் அதில் ஒட்டவில்லை. பிறர் காண வேண்டும் என்றே செய்த வீடு அது. சாராவின் சமையலறையில் கிடைப்பது அதில் கிடைக்காது.

விவியன் தம் சேகரிப்புக்காக ஆக்ஸ்ஃபோர்டை அடுத்த இஃப்லியில், தம் வீட்டுத் தோட்டத்தில் வட்ட வடிவில் ஓர் அருங்காட்சியகம் அமைத்தார். 1962இல் அது திறக்கப்பட்டது. 16 வயதுக்குட்பட்டோருக்கு அனுமதி இல்லை! ஆசிரியன் என்ற முறையில் எனக்கு இது சற்று உறுத்துகிறது. ஆனால் குண்டில் ஒரு வீட்டைப் பறிகொடுத்தவர் மற்ற வீடுகளை விரல்களிடமிருந்து காக்க முனைந்ததை எப்படிக் குறை சொல்வது?

1998இல் அச்சேகரிப்பு ஏலத்துக்கு வந்தது. அரை நூற்றாண்டாக ஒன்றுசேர்த்த வீடுகள் வெவ்வேறு கைகளுக்குப் போயின. அப்போது விவியனுக்கு வயது 94. 2003 வரை அவர் வாழ்ந்தார்.