தேத்தாங்கொட்டையும் சாயத்தண்ணியும்: மலிவு என்கிற சொல்லாடல் குறித்து

தண்ணீரைத் தெளியவைப்பது பற்றித் தமிழில் பேச்செடுத்தாலே நமது மரபுவாதிகள் தேத்தாங்கொட்டையைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். எடுக்கட்டும், அதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. பானையின் உட்புறத்தில் அந்த விதையை உரசிவிட்டுக் கலங்கல் தண்ணியை ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் மண் அடியில் தங்கிவிடும். கலித்தொகையின் நெய்தற்கலியில், பிரிவில் நிலைகுலைந்த ஒரு பெண் காதலன் வந்ததும் தெளிவதற்கு இந்த விதைதான் உவமை. அங்கே அந்த மரத்தின் பெயர் ‘இல்லம்’. வீட்டுக்கும் மரத்துக்கும் ஒரே பெயர் என்றதும் தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு அதிலேயே ஒரு கட்டுரை எழுதிவிடக் கை பரபரக்கும். எழுதப்போவதில்லை. அதே விதையை, அதன் பங்காளிகளான முருங்கை விதையை, சிரட்டைக் கரியை, கோரைப் படுகையைச் சாயப்பட்டறைக் கழிவுநீருக்கான ‘குறைந்த செலவுத் தீர்வு’ என்று முன்வைக்கிற பேச்சு எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாமல் விடுகிறது என்பதே இங்கு என் கேள்வி.

மனு நமக்கு ஆகாதவர்தான். ஆனாலும் ஆறாம் அத்தியாயத்தில் துறவிகளுக்குப் புத்திமதி சொல்லும்போது, தேற்றா விதை தண்ணீரைத் தெளிவிக்கும் என்றாலும் அதன் பெயரை உச்சரிப்பதால் மட்டும் தண்ணீர் தெளிந்துவிடாது என்கிறார். நமது மரபுப் பெருமைக்காரர்கள் மனுவிடமிருந்து எடுத்துக்கொள்ள இந்த ஒன்றாவது இருக்கிறது.

விதை எப்படி வேலை செய்கிறது? தண்ணீரில் மிதக்கும் களிமண் துகள்களுக்கு எதிர் மின்னேற்றம். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, தங்கவும் மாட்டாமல் மேலே வரவும் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருக்கும். முருங்கை விதையில் நேர் மின்னேற்றமுள்ள, தண்ணீரில் கரைகிற ஒரு புரதம் இருக்கிறது. அது துகள்களைச் சேர்த்துக் கட்டி இறக்கிவிடுகிறது. படிகாரம் செய்கிற வேலைதான். சூடானின் கிராமத்துப் பெண்கள் நைல் நதியின் கலங்கலை இப்படித் தெளியவைத்ததை 1970, 80களில் ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் சாமியா அல் அஸ்ஹாரியா ஜான். பெண்களின் அடுக்களை அறிவு ஆய்வுத்தாளில் ஏறிய அரிய தருணங்களில் அது ஒன்று. அதைக் கைநாட்டுக் கதை என்று ஒதுக்குகிற விஞ்ஞானத் திமிரோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் பருத்தியில் ஏற்றுகிற சாயங்கள் பலவற்றுக்கும் எதிர் மின்னேற்றம்தான். ஆகவே விதைப்பொடி சாயத்தையும் ஓரளவுக்கு இழுத்துக்கொண்டு இறங்கும். கண்ணாடிக் குடுவையில் சிவப்புத் தண்ணி வெளிறிப்போகும். பார்க்கிறவர்கள் கைதட்டுவார்கள். தெளிவு என்பது கண்ணின் தீர்ப்பாக இருந்த காலத்து அளவுகோல் இங்கே ஓசையில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சாயத்தின் வரலாற்றுக்குள் கொஞ்சம் போயாக வேண்டும். 1856இல் பெர்க்கின் செயற்கை ஊதாவைக் கண்டுபிடித்தார். 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். செயற்கை நீலத்தைச் சந்தைக்கு விட்டது. அவுரியும் சாயவேரும் போன கதை பலரும் எழுதியதுதான். நம் விஷயத்துக்கு முக்கியமான வருஷம் 1956. அந்த வருஷம்தான் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் நூலிழையோடு வேதியியல்ரீதியாகவே பிணைந்துகொள்ளும் சாயங்களைக் கொண்டுவந்தது. வெளுக்காத சாயம், பளிச்சென்ற நிறம், அதிகச் சூடும் வேண்டாம். பின்னலாடை யுகமே இதன்மேல்தான் நிற்கிறது. ஒரு சங்கடம் உண்டு. தண்ணீரில் பருத்திக்கும் எதிர் மின்னேற்றம், சாயத்துக்கும் எதிர் மின்னேற்றம். சாயம் நூலை நெருங்காது. நெருங்கவைக்க உப்பு வேண்டும். சாயத்தொட்டியில் லிட்டருக்கு 30, 50, 80 கிராம் என்று நிறத்தின் அடர்த்தியைப் பொறுத்து உப்பு விழுகிறது. கருப்பும் கருநீலமும் அதிகம் கேட்கும். அந்த உப்பில் ஒரு குண்டுமணி கூடத் துணியில் நிற்காது. அத்தனையும் வாய்க்காலுக்கு. சாயத்தண்ணி என்று நாம் சொல்வது உண்மையில் நிறம் சேர்ந்த உப்புத்தண்ணி.

கரைந்த உப்பைக் கொட்டை இறக்காது, கரி பிடிக்காது, கோரை குடிக்காது. கழிவுநீரில் கரைந்திருக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விதி சொல்கிறது. விதை போட்டுத் தெளிந்த குடுவையின் விஷயத்தில் இந்த எண் அசைந்துகூடக் கொடுக்காது.

நமது கல்லூரி வேதியியல் துறைகளில் இது தொடர்பாக ஒரு குடிசைத்தொழிலே நடக்கிறது. வேப்பிலைப் பொடி, புளியங்கொட்டை ஓடு, பனங்கொட்டைக் கரி என்று கையில் கிடைத்ததை எடுத்து, காய்ச்சி வடித்த தண்ணியில் மெத்திலீன் நீலத்தைக் கரைத்து, எவ்வளவு உறிஞ்சியது என்று அளந்து, லாங்முயர் 1918இல் தந்த சமன்பாட்டில் பொருத்தினால் ஆய்வுக்கட்டுரை ஒன்று கைக்கு வந்துவிடும். மெத்திலீன் நீலம் நேர் மின்னேற்றச் சாயம். பட்டறைச் சாயம் நேர்மாறானது, உப்பிலே ஊறியது. பரிசோதனைக்கு எடுத்த தண்ணி எந்தப் பட்டறையிலிருந்தும் வரவில்லை. உறிஞ்சிய கரியை அப்புறம் எங்கே கொட்டுவது என்கிற கேள்வி கடைசிப் பத்தியில்கூட வருவது அபூர்வம். மாணவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கருவிக்குக் காசில்லாத துறையில் எதைச் செய்ய முடியுமோ அதைச் செய்கிறார்கள். அறிவின் மலிவும் தீர்வின் மலிவும் ஒன்றையொன்று உற்பத்தி செய்துகொள்கின்றன என்பதைத்தான் சொல்கிறேன்.

மலிவின் உண்மையான வரலாறு திருப்பூரில் எழுதப்பட்டது. நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணை 1992இல் முடிந்தது. ஈரோடு, கரூர்ப் பக்கம் ஏறத்தாழ 20,000 ஏக்கர் பாசனத்துக்காகக் கட்டியது. அதே ஆண்டுகளில்தான் பனியன் ஏற்றுமதி தலைதெறிக்க ஓடியது. அணையில் தேங்கியது சாயக்கழிவு. கட்டிய அணையில் தண்ணீரைத் தேக்காதே என்று பாசன விவசாயிகளே கேட்கவேண்டி வந்தது. வழக்கு, நீதிமன்ற உத்தரவு என்று நெருக்கடி வந்ததும் 1990களின் கடைசியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. அங்கே என்ன செய்தார்கள்? சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போட்டு நிறத்தைக் கசடாக இறக்கினார்கள். யோசித்துப் பார்த்தால் அது தேத்தாங்கொட்டையின் தர்க்கம்தான், கோடிக்கணக்கான ரூபாயில். நிறம் குறைந்தது. உப்பு அப்படியே நொய்யலுக்குப் போனது. கசடு மூட்டை மூட்டையாகக் குவிந்தது. கண்ணுக்குத் தெரிகிற குற்றத்தைக் கரைத்து, தெரியாததை ஆற்றில் விட்டார்கள்.

நொய்யல் பாசன விவசாயிகள் சங்கம் போட்ட வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2006 டிசம்பரில், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக்கூடாது, அதுவரை லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி அபராதம் கட்டு என்றது. 2009இல் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அப்போதும் நடக்காததால் 2011 ஜனவரி 28 அன்று எழுநூற்றுச் சொச்சம் பட்டறைகளை மூடச் சொன்னது உயர்நீதிமன்றம். இதில் எனக்குப் பிடித்த பகுதி அந்த 6 பைசா. அதுவரை ஒரு லிட்டர் சாயத்தண்ணிக்குப் பட்டறைக்காரர் ஆற்றிடம் கொடுத்த விலை பூஜ்யம். மீதியைக் கிணறு கரித்துப்போன விவசாயி கட்டிக்கொண்டிருந்தார். ‘குறைந்த செலவு’ என்று சொல்லும்போது யாருடைய செலவு என்கிற வேற்றுமை உருபு விடுபட்டுப்போகிறது. அதை ஒரு நீதிமன்றம் பைசாக் கணக்கில் திரும்பச் சேர்த்தது.

அதன்பின் வந்தது எதிர்ச்சவ்வூடு பரவல், ஆவியாக்கும் கலன்கள். மாநில அரசு 2011இல் சுமார் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்துத் தூக்கிவிட்டது. திருப்பூருக்கு அது கட்டுப்படி ஆயிற்று என்றே வைத்துக்கொள்வோம்.

தென்காசியிலிருந்து பார்க்கிறவனுக்கு இங்கேதான் உறுத்துகிறது. எங்கள் மாவட்டத்தில் திருப்பூர் கிடையாது. சங்கரன்கோவில், புளியங்குடிப் பக்கம் தறிச்சத்தமும் அதை ஒட்டிச் சின்னச் சின்னச் சாயப்பட்டறைகளும்தான். நாலு தொட்டி, ரெண்டு ஆள். அப்படியொரு பட்டறைக்காரரிடம் முருங்கை விதை பற்றிக் கேட்டேன். சிரித்தார். “கலரு போயிரும் தம்பி, கரிப்பு போகாதுல்லா? நாக்குல வச்சுப் பாருங்க.” ஆவியாக்கும் கலன் அவர் மூன்று தலைமுறைக்கும் கனவில் வராத விலை. ஆகவே அவருக்கு முன்னால் இருப்பவை இரண்டு: மூடுவது, அல்லது ராத்திரி திறந்துவிடுவது. மலிவான முறையைக் கிண்டல் செய்துவிட்டு நகர்ந்துவிட முடியாதது இதனால்தான். பெரிய தீர்வு மட்டுமே தீர்வு என்றால் பெரியவன் மட்டுமே பிழைப்பான்.

குற்றாலத்தில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு போட்டு அருவியில் குளிக்கக்கூடாது என்று தடை இருக்கிறது. அங்கே யாரும் அருவித்தண்ணியைச் சுத்திகரிக்கப் புறப்படவில்லை. நுழைகிற இடத்திலேயே பொருளை நிறுத்தினார்கள். உலகத்திலேயே மலிவான முறை அதுதான். குளிக்க வந்தவனின் ஷாம்பு பாக்கெட்டைப் பிடுங்க முடிகிற அரசு, சாயத்தொட்டியில் இத்தனை உப்பு ஏன் விழுகிறது என்று கேட்பதில்லை. குறைந்த உப்பில் பிடிக்கும் சாயங்கள் 1990களிலேயே சந்தைக்கு வந்துவிட்டன. விலை கூடுதல். ஏற்றுமதித் துணியின் நிறத்தைத் தீர்மானிப்பது வெளிநாட்டுக் கொள்முதல்காரரின் நிற அட்டை. அந்தக் கூடுதல் விலையை அவர் தரத் தயாரில்லை. அதை நொய்யல் தந்தது.

இன்னொரு விஷயம் பட்டறைக்காரர்களுக்குத் தெரியும், பொறியாளர்கள் தாமதமாகத்தான் கவனித்தார்கள். உப்பில் பெரும்பங்கு முதல் தொட்டித் தண்ணியில்தான் இருக்கிறது. அதற்கப்புறம் அலசுகிற ஐந்தாறு தண்ணியில் உப்பு குறைவு, அளவு அதிகம். எல்லாவற்றையும் ஒரே வாய்க்காலில் கலந்துவிட்டால் மொத்தமும் உப்புத்தண்ணி, மொத்தத்துக்கும் எந்திரம் வேண்டும். பிரித்து வைத்தால் அலசல் தண்ணிக்குச் சுண்ணாம்பும் விதையும் கரியும் ஓரளவு போதும். அங்கே நம் பாட்டிமார்களின் அறிவுக்கு உண்மையான இடம் இருக்கிறது. முதல் தொட்டித் தண்ணியின் நிறத்தை நீக்கி அந்த உப்புக்கரைசலையே அடுத்த சாயத்துக்குத் திரும்ப ஊற்றலாம். 2011க்குப் பின் திருப்பூரில் இதைச் செய்கிறார்கள். உப்பு வாங்குகிற காசும் மிச்சம்.

நாலு தொட்டிப் பட்டறையில் இதற்கு வேண்டியது இரண்டாவது ஒரு குழாய், தளம் பூசிய ஒரு தொட்டி, மிஞ்சும் கரைசலைக் காயவைக்கப் பல பட்டறைகளுக்குமாகப் பொதுவில் ஒரு பாத்தி. குற்றாலச் சாரல் அடிக்கிற மாதங்களிலும் சங்கரன்கோவிலுக்குப் பெரும்பாலும் காற்றுதான் வந்து சேர்கிறது. உப்புக் காய அது நல்ல ஊர். பாத்திக்கு நிலம் யார் தருவது, காய்ந்த கலப்பு உப்பை யார் பொறுப்பில் எங்கே கொண்டுபோய் வைப்பது என்பவை வேதியியல் கேள்விகள் இல்லை. வருவாய்த்துறையிடமும் வாரியத்திடமும், கூட்டுறவுச் சங்கத் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடமும் கேட்கவேண்டியவை.