மோரோவும் .45 ரவையும்

போர்த்துக்கேயர் எங்களுக்கு வைத்த பெயரும், பிலிப்பைன்ஸின் தென்தீவு முஸ்லிம்களுக்கு ஸ்பானியர் வைத்த 'மோரோ' என்ற பெயரும் ஒரே வேரில் வந்தவை. நாங்கள் சோனகர் எண்டு சொல்லிக்கொண்டாலும் அந்தப் பெயர் எங்களை விடவில்லை. அதனால், கைத்துப்பாக்கிகளைப் பற்றிய எழுத்துக்களில் 'மோரோ' என்ற சொல்லைக் கண்டால் நான் கொஞ்சம் நின்றுதான் வாசிப்பேன்.

அங்கே திரும்பத் திரும்ப வரும் கதை இதுதான்: அமெரிக்க இராணுவத்தின் .38 ரவை பட்டும் மோரோ விழவில்லை, வெறிகொண்டு ஓடிவந்து வெட்டினான், அவனை நிறுத்தவே.45 பிறந்தது.

இதில் உண்மை இல்லாமலில்லை. .38 பற்றி அதிகாரிகள் முறைப்பட்டார்கள். 1904இல் தொம்சனும் மருத்துவர் லகார்டும் சிக்காகோ இறைச்சிக்கூடத்தில் உயிருள்ள மாடுகளிலும், வேறாக மனிதப் பிணங்களிலும் சுட்டுப் பார்த்து, .45க்குக் குறையக்கூடாது என்று அறிக்கை கொடுத்தார்கள். 1911 மார்ச் 29இல் .45 கோல்ட் கைத்துப்பாக்கி ஏற்கப்பட்டது.

ஆனால், லகார்ட் பதிவுசெய்த பிரபல உதாரணம் மோரோ அல்ல. 1905இல் சாமார் தீவில் தப்பியோட முயன்ற அந்தோனியோ காஸ்பி என்ற கைதி. கிட்ட நின்று சுட்ட .38 ரவைகள் நான்கு பட்டும் போராடினான். கடைசியில் துப்பாக்கிப் பிடியால் நெற்றியில் அடித்தே வீழ்த்தினார்கள். சாமார் கத்தோலிக்கர் வாழும் தீவு!

காரணம் மார்க்கமுமல்ல, வெறியுமல்ல. கைத்துப்பாக்கி ரவை ஒடுங்கிய துளையைத்தான் போடும். மூளையிலோ முள்ளந்தண்டு நரம்பிலோ படாவிட்டால், இரத்தம் வடிந்துதான் ஆள் விழவேணும். இதயமே சிதைந்தாலும் மூளையிலுள்ள ஒட்சிசன் பத்துப் பதினைந்து செக்கனுக்குப் போதும். 1989இல் எஃப்.பி.ஐ. அறிக்கையும் விட்டத்தைவிட, எங்கே படுகிறது, எவ்வளவு ஆழம் போகிறது என்பதையே முன்வைத்தது.

கதை மறைக்கிறது இன்னொன்று. 1899இல் சூலு சுல்தானோடு செய்த உடன்படிக்கையை 1904இல் அமெரிக்காவே ஒருதலையாக ரத்துச் செய்தது. 1906இல் புத் தாஜோ எரிமலை வாயில் பெண்கள், பிள்ளைகள் உட்பட அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களைக் கொன்றது பீரங்கியும் ரைபிளும் இயந்திரத் துப்பாக்கியும்; .45 கோல்ட் கைத்துப்பாக்கி அப்போது ஏற்கப்படவேயில்லை.

ஒரு ரவையின் விட்டம் நினைவிலிருக்கிறது. அந்த மலையில் மாண்டவர்களின் பெயர் நினைவிலில்லை. வரலாறு வாசிக்கிற நாங்கள் முதலில் கேட்கவேண்டியது, அவன் ஏன் விழவில்லை என்றல்ல. அவனை ஏன் சுட்டார்கள் என்பதுதான்.