பரையா: நம் ஊரிலிருந்து போன ஒரு சொல்

வாலிபர் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் தங்கை ஒருத்தி தன் ஆங்கிலக் கட்டுரையை வாசித்துக் காட்டினாள். நாவலில் ஊரார் ஒதுக்கிவைத்த ஒருவனை அவள் 'பரையா' என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் பாராட்டிக் குறிப்பெழுதியிருந்தார். கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவருக்கு மட்டும் முகம் மாறிவிட்டது. "அது எங்கேயிருந்து வந்த சொல் தெரியுமாம்மா?" என்றார். அங்கிருந்த எங்களில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

இன்றைய ஆங்கிலத்தில் அதற்கு எல்லாரும் ஒதுக்கும் ஆள் என்று பொருள். தினமும் பேசும் சொல் அல்ல, ஆனால் செய்தித்தாளில் அடிக்கடி கண்ணில் படும். உலகம் ஒதுக்கிவைத்த நாட்டை 'பரையா ஸ்டேட்' என்பார்கள். நிறவெறி ஆட்சி நடந்த காலத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு அந்தப் பட்டம் கிடைத்தது. 1971-ல் அந்நாட்டு ரக்பி அணி இங்கே விளையாட வந்தபோது சிட்னியிலும் மெல்பனிலும் பெரிய எதிர்ப்புப் போராட்டங்கள் நடந்தன. யோசித்துப் பாருங்கள். மனிதரைப் பிரித்துவைத்த குற்றத்துக்காக ஒரு நாட்டை ஒதுக்கினார்கள். அந்த நாட்டுக்கு வைத்ததோ, பிரித்துவைக்கப்பட்ட மக்களின் பெயர்!

ஆம், அது ஒரு மக்களின் பெயர். பறையர் என்னும் தமிழ்ச் சொல்லே 'பரையா' ஆயிற்று. பறை என்ற இசைக்கருவியிலிருந்து அப்பெயர் வந்தது என்பது பொதுவான விளக்கம். பறைதல் என்றால் சொல்லுதல். 'பறைசாற்றுதல்' என்று நாம் இன்றும் சொல்கிறோம். புறநானூற்றின் 335-ஆம் பாட்டு, சிறப்பான நான்கு குடிகளில் ஒன்றாகப் பறையனைச் சொல்கிறது. அங்கே இழிவு எதுவும் இல்லை. பிற்காலத்தில் அம்மக்களில் பெரும்பாலோர் பறை அடித்துப் பிழைத்தவர்களும் அல்லர். பிறருடைய நிலத்தில் உழைத்தவர்கள்.

ஐரோப்பாவுக்கு இச்சொல்லை முதலில் கொண்டுபோனவர்கள் போர்த்துகீசியர். ஆங்கிலத்தில் 1613-லேயே அச்சில் காணப்படுகிறது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பெர்னார்டின் த சான் பியேர் என்ற எழுத்தாளர் ஒரு கதை எழுதினார். உண்மையைத் தேடி இந்தியாவுக்கு வரும் ஆங்கில அறிஞர் ஒருவர், பெரிய குருமாரிடம் கிடைக்காத பதிலை ஒரு பறையருடைய குடிசையில் கண்டடைகிறார். அக்கதைக்குப்பின் ஐரோப்பிய நாடகங்களிலும் கவிதைகளிலும் இப்பெயர் பரவியது. 19-ஆம் நூற்றாண்டில் ஒதுக்கப்பட்ட எவரையும் குறிக்கும் பொதுச்சொல்லாகிவிட்டது. இரக்கத்தோடு எழுதியவர்களும் உண்டு. ஆனால் பெயருக்குரிய மனிதர்களை யாரும் கேட்கவில்லை.

இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் அதோடு நிற்கவில்லை. தெருநாய்க்கு 'பரையா நாய்' என்று பெயரிட்டார்கள். பறவைகளையும் விடவில்லை. வெள்ளைத் தலையும் செந்நிற உடலும் கொண்ட செம்பருந்து 'பிராமினி கைட்' ஆனது. குப்பையில் இரை தேடும் கரும்பருந்து 'பரையா கைட்' ஆனது. இவ்விரு வகைப் பருந்துகளும் ஆஸ்திரேலியாவிலும் உண்டு. கரும்பருந்தை இங்கே 'பிளாக் கைட்' என்றே சொல்கிறோம். குவீன்ஸ்லாந்து கடற்கரைக்குப் போனால் மற்றதைப் பாருங்கள். பறவைப் புத்தகத்தில் அது இன்றைக்கும் 'பிராமினி கைட்' தான்.

இனி நம் வீட்டுக் கதை. 1706-ல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கினார். தமிழ்ப் புராட்டஸ்டண்ட் சபை அங்கே தொடங்கியது என்று பெருமையோடு படிக்கிறோம். அந்த ஆரம்ப காலத்துச் சபையிலேயே வெவ்வேறு சாதியார் தனித்தனியே உட்கார்ந்தார்கள் என்பதை யாரும் நமக்கு ஓய்வுநாள் பள்ளியில் சொல்லித்தரவில்லை. 1733-ல் வேளாளரான ஆரோன் முதல் தமிழ்க் குருவானார். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும்போது, தஞ்சைப் பகுதியில் உழைத்த ராஜநாயக்கன் என்ற உபதேசியாரின் பெயர் பேசப்பட்டது. தகுதியில் குறை இல்லை. ஆனால் அவர் பறையர். அவர் கையிலிருந்து மற்றச் சாதியார் திருவிருந்து வாங்கமாட்டார்கள் என்று மிஷனரிமார் அஞ்சினார்கள். 1741-ல் வேறொருவர் குருவானார். ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே ஊழியம் செய்தார்.

1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு அறவே கூடாது என்று கடிதம் எழுதினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பெரிய கலகம் உண்டாயிற்று. பலர் சபையைவிட்டே போனார்கள். நாம் உருகிப் பாடும் கீர்த்தனைகளைத் தந்த வேதநாயகம் சாஸ்திரியாரும் சாதி வழக்கங்களை ஆதரித்து எழுதியவர்தான். அவர் பாட்டுகளை நிறுத்தவேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. இதையும் அறிந்துகொண்டு பாடலாம். யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் ஆலயத்தில் யாரை எங்கே உட்காரவைப்பது என்பதைப் பற்றித்தானே பேசுகிறது? அதையும் அவர்கள் எல்லாரும் வாசித்திருப்பார்கள்.

அந்தப் பெயரை என்ன செய்வது என்று, அதைச் சுமந்தவர்களே இரண்டு விதமாக முடிவெடுத்தார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் 'பறையன்' என்றே பத்திரிகை தொடங்கினார். பெயருக்கு வெட்கப்பட்டால் உரிமை கேட்க முடியாது என்பது அவர் எண்ணம். அயோத்திதாசப் பண்டிதரோ, அது பகைவர் சூட்டிய பெயர் என்று மறுத்தார். 1907-ல் அவர் தொடங்கிய இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. 1922-ல் எம். சி. ராஜாவின் முயற்சியால் சென்னை மாகாண அரசு 'ஆதி திராவிடர்' என்ற பெயரை ஏற்றது. இருவரில் யார் சொன்னது சரி என்று எங்கள் கூட்டத்தில் இன்னும் வாதம் நடக்கிறது. ஆனால் இருவரும் தங்களைப் பற்றித் தாங்களே முடிவெடுத்தார்கள். ஆங்கில அகராதி அப்படி யாரையும் கேட்டதில்லை.

தங்கை அச்சொல்லை அடித்துவிட்டு 'அவுட்காஸ்ட்' என்று எழுதினாள். இதிலும் சாதி ஒளிந்திருக்கிறதோ என்று ஒரு தம்பி பயந்தான். இல்லை. அது 'வெளியே எறியப்பட்டவன்' என்னும் பழைய ஆங்கிலச் சொல். சாதியைக் குறிக்கும் 'காஸ்ட்' போர்த்துகீசிய வழி வந்த வேறு சொல். நல்ல சொல்லை ஏன் மாற்றினாய் என்று ஆசிரியர் கேட்டாராம். வகுப்பின் முன்னே நின்று பறையிலிருந்து தொடங்கிச் சொல்லிக்கொண்டு வந்தாளாம். 1833-க்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டது.