பட்டாளத்துக்காரர் வீட்டம்மாவும் பென்சன் காகிதமும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பட்டாளத்தில் இருக்கிறவர்களும், பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பியவர்களும் பொறுமையாகப் படியுங்கள். மற்றவர்கள் நேரம் கிடைக்கும்போது படிக்கலாம்.

2020 ஜூன் 15 இரவு லடாக்கில் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். அதில் ஒருவர் ஹவில்தார் பழனி. 81-வது பீல்டு ரெஜிமென்ட். ஊர் ராமநாதபுரம் மாவட்டம் திருவாடானை பக்கம் கடுக்கலூர். 1985-க்கு முன்னால் நம்ம வத்திராயிருப்பும் அதே ராமநாதபுரம் மாவட்டம்தான் என்பது என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அவருக்கு 40 வயது, 22 வருட சர்வீஸ். சொந்த ஊர்ப்பக்கம் புது வீடு கட்டி அதே மாதம் பால் காய்ச்சினார்கள். எல்லையில் இருந்ததால் அவரால் வர முடியவில்லை. 2021 நவம்பரில் குடியரசுத் தலைவர் மாளிகையில் அவருடைய மனைவி வீர் சக்ரா விருதைப் பெற்றுக்கொண்டதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

விருது வாங்குவதை நாடே பார்க்கிறது. அதற்குப் பின்னால் மாதாமாதம் ஒரு குடும்பம் எதை வைத்துச் சாப்பிடுகிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. ஆசிரியனாக எனக்கு அந்த இரண்டாவது சங்கதியில்தான் அக்கறை. அதற்கு ஒரு பெரிய வரலாறே இருக்கிறது.

கம்பெனி காலத்து மதராஸ் பட்டாளத்தில் இருந்து தொடங்குகிறேன். 1824-ல் பர்மா சண்டைக்குக் கப்பலேறச் சொன்னபோது மதராஸ் சிப்பாய்கள் போனார்கள். அதே வருடம் வங்காளத்தில் பாரக்பூரில் சிப்பாய்கள் போகமாட்டோம் என்று எதிர்த்து நின்று சுடப்பட்டார்கள். மதராஸ் பட்டாளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சிப்பாய் தன் சம்பளத்தில் ஒரு பங்கை ஊரில் இருக்கும் குடும்பத்துக்குக் கொடுக்கும்படி எழுதி வைத்துவிட்டுப் போகலாம். செத்துப்போன சிப்பாயின் பையனை 'ரெக்ரூட் பாய்' என்று சேர்த்து, சிறு சம்பளம் கொடுத்து, வளர்ந்ததும் துப்பாக்கியைக் கையில் கொடுத்தார்கள். இதைக் கருணை என்று சொல்வதா, அடுத்த தலைமுறைக்கும் ஆள் பிடித்தார்கள் என்று சொல்வதா? இரண்டும்தான் என்பது என் கணக்கு. எப்படியானாலும் அது எசமான் மனசு வைத்துக் கொடுத்தது. கேட்டு வாங்கும் உரிமையாக இல்லை.

இரண்டாம் உலகப் போருக்கு வருவோம். என் சிறுவயதில் எங்கள் தெருவில் ஒரு ஆச்சி இருந்தார்கள். பட்டாளத்து வீட்டு ஆச்சி என்றுதான் பெயர். அவர்கள் வீட்டுக்காரர் 1942-ல் சேர்ந்து, அசாம், மணிப்பூர் எல்லையில் காட்டிலும் மழையிலும் ரோடு போட்டு, 1946-ல் ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பியவர். பென்சன் கிடையாது. "நாலு வருசம் சாவோட படுத்து எந்திரிச்ச மனுசன். வெள்ளைக்காரன் ஏமாத்திட்டான்யா" என்று ஆச்சி சாகும்வரை சொன்னார்கள். அவர்கள் கோபம் நியாயம். ஆனால் விதி வேறு. சாதாரண சிப்பாய்க்குப் பென்சன் வேண்டுமென்றால் 15 வருட சர்வீஸ் வேண்டும். போருக்காகச் சேர்த்து, போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்ட லட்சக்கணக்கானவர்களுக்கு அது எங்கே இருக்கும்? கையில் கொஞ்சம் பணம், ஒரு டிஸ்சார்ஜ் புத்தகம், இரண்டு மெடல். அவ்வளவுதான். கொஹிமா, இம்பால் சண்டையைப் பாடப்புத்தகத்தில் நான் நடத்தியபோதெல்லாம் அந்த டிரங்குப் பெட்டிதான் என் கண்முன் வரும்.

பென்சன் இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்கள் விதவைகளுக்கும் தமிழக அரசு பின்னாளில் மாத உதவித்தொகை கொடுக்க ஆரம்பித்தது. ஆச்சிக்கு நான்தான் மனு எழுதினேன். அங்கே ஒரு சிக்கல். பட்டாளப் பதிவில் ஆச்சிக்கு ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சான்று வாங்க ஒரு அலுவலகத்துக்கு ஏழெட்டு நடை நடந்தோம். எந்த அலுவலகம் என்று சொல்ல வேண்டியதில்லை. டிஸ்சார்ஜ் புத்தகத்தின் ஓரத்தைக் கரையான் தின்றிருந்தது. நல்லவேளை, நம்பர் இருந்த பக்கம் தப்பித்தது. கடைசிக் காலத்தில் சில வருடம் அந்தப் பணத்தில் ஆச்சி வெற்றிலை பாக்குக்கு யார் கையையும் எதிர்பார்க்காமல் இருந்தார்கள்.

நம் நாட்டில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1783-ல் சுதந்திரப் போர் முடிந்தது. எல்லைப்புறக் காடுகளில் சண்டை போட்ட சாதாரண சிப்பாய்களுக்கு, ஊனமோ வறுமையோ காட்டாமல் சர்வீஸ் ஒன்றைக் கொண்டே பென்சன் வந்தது 1832-ல்தான். பாதிப்பேர் அதற்குள் செத்துப்போனார்கள். விதவைகளுக்கு 1836-ல் ஒரு சட்டம் வந்தது. அதிலும் ஒரு கொக்கி. புருஷனின் சர்வீஸ் முடிவதற்கு முன்பே கல்யாணம் நடந்திருக்க வேண்டுமாம். கல்யாணப் பதிவேடு இல்லாத காட்டு ஊர்களில் கிழவிகள் எதைக் காட்டுவார்கள்? வீட்டு பைபிளின் முதல் பக்கத்தில் கல்யாணத் தேதி, பிள்ளைகள் பிறந்த தேதி எழுதி வைப்பது அவர்கள் வழக்கம். அந்தப் பக்கத்தைக் கிழித்து மனுவோடு அனுப்பினார்கள். அந்தக் கிழிந்த பக்கங்கள் இன்றும் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கல்யாணத் தேதி விதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, 1853-ல்தான் எடுத்தார்கள். அதனால் எஸ்தர் டேமன் என்ற அம்மா, வயதான பழைய சிப்பாயை 1835-ல் மணந்தவர், 1906-ல் இறக்கும்வரை பென்சன் வாங்கினார். போர் முடிந்து 123 வருடம்!

இதே கல்யாணத் தேதிப் பிரச்சினை நம் நாட்டிலும் வந்தது. ஓய்வு பெற்ற பிறகு கல்யாணம் செய்துகொண்ட மனைவிக்குக் குடும்ப பென்சன் இல்லை என்றார்கள். பகவந்தி வழக்கில் 1989-ல் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. அதற்கு முன்பே 1982 டிசம்பர் 17-ல் நகாரா வழக்கில், பென்சன் என்பது அரசு போடும் பிச்சையல்ல, உழைத்ததற்கான உரிமை என்று தீர்ப்பு வந்துவிட்டது. என்னைப் போன்ற ஓய்வூதியர்கள் அந்தத் தேதியைப் பென்சனர் தினமாகக் கொண்டாடுகிறோம். அந்த வழக்கைப் போட்ட நகாரா பாதுகாப்புத் துறையில் நிதி ஆலோசகராக இருந்தவர்.

எனக்கு இன்னும் பிடித்தது பூனம்மாள் வழக்கு. குடும்ப பென்சன் திட்டம் 1964-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் இறந்த, ஓய்வு பெற்ற அரசு ஊழியர்களின் விதவைகளை வெளியே நிறுத்திவிட்டார்கள். ஒரு தேதிக்கு இந்தப்பக்கம் விதவையானால் சோறு, அந்தப்பக்கம் விதவையானால் பட்டினி. பூனம்மாள் உச்ச நீதிமன்றம் போனார். 1985 ஏப்ரலில் அவர்களுக்கும் 22.9.1977 முதல் கொடுக்க உத்தரவானது. பட்டாளத்து விதவைகளுக்கும் அதே வழி திறந்தது. எத்தனையோ ஊர்களில் எத்தனையோ கிழவிகள் பூனம்மாள் யாரென்றே தெரியாமல் அந்தப் பணத்தை வாங்கியிருக்கிறார்கள்.

இப்போது இன்றைய நிலைமை. பட்டாளத்தில் இருக்கும் என் மாணவன் ஒருவன் போன மாதம் கேட்டான், "சார், எல்லையில செத்தா எல்லாருக்கும் ஒரே பென்சன்தானே?" என்று. இல்லையப்பா. எப்படி இறந்தார் என்று பதிவாகிறதோ அதைப் பொறுத்துத்தான். கணக்குக்குக் கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சர்வீசுக்குச் சம்பந்தமில்லாத நோயில் இறந்தால் சாதாரணக் குடும்ப பென்சன், 30 சதவீதம், அதாவது 12,000. பணியில் இருக்கும்போதே இறந்திருந்தால் முதல் 10 வருடத்துக்குப் பாதிச் சம்பளம். பணியின் காரணமாக இறந்தார் என்று முடிவானால் ஸ்பெஷல் பென்சன், 60 சதவீதம், 24,000. கல்வான் மாதிரி எதிரியோடு மோதி இறந்தால் லிபரலைஸ்டு பென்சன், முழு 40,000. இதற்கு மேல் அகவிலைப்படி. பனிமலையில் காவல் நின்றவனுக்கு இதயம் நின்றுபோனால் அது 'பணியின் காரணமா' இல்லையா? அந்த ஒரு வரியில் விதவையின் மாத வருமானம் ஒரு மடங்கு ஏறும், இறங்கும். ராணுவத் தீர்ப்பாயத்தில் நடக்கும் வழக்குகளில் பல இந்த ஒரு வரிக்காகத்தான். சென்னையிலும் அதன் அமர்வு இருக்கிறது. மறுப்புக் கடிதம் வந்தால் அதோடு முடிந்தது என்று மடித்து வைத்துவிடாதீர்கள்.

மறுமணம் பற்றி ஒரு வார்த்தை. வீர் சக்ரா போன்ற விருதுகளுக்கு மாதாமாதம் ஒரு தொகை உண்டு, வீரர் இறந்தால் மனைவிக்கு வரும். அவர் மறுமணம் செய்தால் நின்றுவிடும். கொழுந்தனையே கட்டிக்கொண்டால் மட்டும் தொடரும்! இந்த விதி 2017 நவம்பர் வரை உயிரோடு இருந்தது என்றால் நம்புவீர்களா? இருபது, இருபத்திரண்டு வயதில் தாலி இழந்த பெண் யாரைக் கட்ட வேண்டும் என்று பென்சன் விதி தீர்மானித்திருக்கிறது.

கடைசியாகத் தாமதம். தர்செம் சிங் என்ற வீரர் 1983-ல் உடல்நிலை காரணமாக வெளியே அனுப்பப்பட்டு, 1999-ல்தான் நீதிமன்றம் போனார். 2008-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு உரிமை உண்டு, ஆனால் நிலுவை வழக்குப் போட்டதற்கு முந்தைய 3 வருடத்துக்கு மட்டும் என்றது. மீதி வருடங்களின் பணம் போனது போனதுதான்.

ஆகவே பட்டாளத்தில் இருக்கும் தம்பிகளா, கல்யாணம் ஆனதும், குழந்தை பிறந்ததும் பார்ட் டூ ஆர்டரில் ஏறிவிட்டதா என்று லீவு முடிந்து போனதும் பாருங்கள். ஆதாரில் மனைவி பெயர் எந்த எழுத்தில் இருக்கிறதோ அதே எழுத்தில் ஏறட்டும். ஓய்வு பெற்றவர்கள் பி.பி.ஓ. நகலை வீட்டம்மாவிடம் காட்டி, எந்தப் பெட்டியில் இருக்கிறது என்றும் சொல்லி வையுங்கள். தாத்தாவின் பழைய டிஸ்சார்ஜ் புத்தகம் பரணில் கிடந்தால் எடுத்துத் தூசி தட்டி, எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்கிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.