சிவப்பு ஜன்னல்

பழைய பெட்டிக் கேமராவின் முதுகில் சின்னதாக ஒரு சிவப்பு ஜன்னல் இருக்குமே, நினைவிருக்கிறதா? ரோலைச் சுற்றும்போது பின்காகிதத்தில் அச்சிட்ட எண்ணை அதில்தான் பார்ப்போம். 1892-ல் அமெரிக்காவில் வந்த 'புல்ஸ்-ஐ' கேமராவில் தொடங்கிய ஏற்பாடு. அன்றைய பிலிமுக்குச் சிவப்பு ஒளி உறைக்காது, அதனால் ஆபத்தில்லை.

பிறகு சிவப்பையும் பதிகிற பான்குரோமாட்டிக் பிலிம் வந்தது. 1967-ல் ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் உற்பத்தி தொடங்கியபோது அதுவே வழக்கமாகியிருந்தது. ஜன்னல் மட்டும் பல கேமராக்களில் அப்படியே இருந்தது.

வைகை அணைப் பூங்காவில் உச்சி வெயிலில் எடுத்த படத்தில் வெள்ளைப் புகை விழுந்தால், நம்மூரில் முதல் பழி பிலிமுக்கு, அடுத்தது ஸ்டுடியோவில் கழுவியவருக்கு. பாவம் அவர்! நெகட்டிவைப் பார்த்தாலே தெரியும். பல பிரேமில் ஒரே இடத்தில் கறுப்பு வட்டம் என்றால் ஜன்னலைச் சந்தேகிக்கலாம். சூரியனைப் பார்த்து எடுத்ததில் மட்டும் என்றால் லென்ஸ். ஓரங்களில் என்றால் ரோல் தளர்ந்திருக்கும்.

எங்கள் அப்பத்தாவுக்கு இருந்தது ஒரே படம். வட்டம் முகத்தின் மேலேயே விழுந்துவிட்டது. அதற்கப்புறம்தான் அப்பா ஜன்னலில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினார். ரோல் சுற்றும்போது மட்டும், நிழலில் நின்று, அதைத் தூக்கிப் பார்ப்பார்.